எழுபத்திரண்டு சதுர அடி

மூன்றாம் பக்கம், பதினோராம் கேள்வி:
தொழில் நடக்கும் இடத்தின் பரப்பளவு.
பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

கொசப்பேட்டையில் சந்து திரும்பி நாலாவது கதவு.
நுழைந்தால் ஓர் அறை.
அதற்குப் பின்னால் அடுப்பு,
அதற்கும் பின்னால் கொடிக்கயிறும் வானமும்.
இதில் எந்த இடத்தில் முடிகிறது வீடு?

ரவிக்கை அளக்கும் டேப்
அறுபது அங்குலத்தில் தீர்ந்துபோகும்.
விரலை வைத்து, நகர்த்தி, மறுபடி விரலை வைத்து
அளக்கிறேன்.
கிரைண்டர் நிற்கும் மூலை தொழில், சந்தேகமில்லை.
அதன்மேல் காயும் சின்னவனின் பள்ளிச் சட்டை?
அடுப்பு, நாலு மணியிலிருந்து ஏழரை வரை தொழில்;
ஏழே முக்காலுக்கு அதே வாணலியில்
எங்களுக்கு உப்புமா கிண்டுகிறேன்.
கடிகாரத்துக்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
ராணிப்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து வந்து
அவர் பாய் விரிப்பது
நான் மீன் கழுவி வைக்கும் இடத்தில்.
குறட்டையைச் சேர்ப்பதா, கழிப்பதா?

ஆரம்பத்தில் இதற்குத் தொழில் என்று பெயர் கிடையாது.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து லாட்ஜில்
பிரணதி என்று ஒருத்தி,
புருஷனுக்கு ரத்தத்தில் ஏதோ.
எங்கள் இட்லியைப் பார்த்தாலே
அந்த ஆளுக்குக் குமட்டியது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அடுப்படியில் நின்று
பச்சைக் கடுகை அரைத்து, ரோகுவைப் பொரித்து,
சைகையிலேயே சொல்லிக் கொடுத்தாள்.
மறுவாரம் அந்த மாடியிலிருந்து நாலு பேர் கேட்டார்கள்.
ஆடிக்குள் முப்பத்தியொரு டிபன் பாக்ஸ்.
பிரணதி ஊர் திரும்பிவிட்டாள்.
தனியாகவா, இரண்டு பேராகவா என்று கேட்க
எனக்கு அவள் பாஷை போதவில்லை.

கடுகெண்ணெய் நாற்றத்தில் தூக்கம் கெடுகிறது என்று
மனு போட்டவர் மேல்வீட்டு அண்ணாமலையார்.
தீபாவளிக்கு இதே அடுப்பில் சுட்ட
நாற்பது முறுக்கை
மூக்கைச் சுளிக்காமல் வாங்கிப் போனவர்.

மாநகராட்சியிலிருந்து வந்தவருக்கு
இருபத்தாறு வயதிருக்கும்.
"செங்கமலம்ங்கிறது?" என்றபடி
வாசலில் தயங்கினார்.
வீடென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும்,
கடையென்றால் வேண்டாம்.
ஒன்றைக் கழற்றினார்,
இன்னொரு காலோடு அப்படியே நின்று
எழுதிக்கொண்டார்.
உரிமம். உணவுப் பாதுகாப்புப் பதிவு.
கரண்டுக்குத் தனி மீட்டர்.
வீட்டுக்காரர் கையெழுத்து.
"நாத்தம் வந்தா வரட்டும்மா,
பேப்பர் சரியா இருந்தா போதும்."
ஒரு துண்டு மீன் கொடுத்தேன்.
வேண்டாமென்றார்.
வாசனையை மட்டும் கொஞ்ச நேரம்
கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்.
"கடைன்னா வாடகை வேற கணக்கும்மா."
கையெழுத்துக்கு ஆயிரத்து இருநூறு ஏறியது.

இ-சேவை மையத்துப் பையன்
தொழில்களின் பட்டியலை மேலும் கீழும் உருட்டினான்.
பேக்கரி இருந்தது, ஜூஸ் இருந்தது,
கோழி இறைச்சி, பரோட்டா, கல்யாணச் சமையல்.
வாய் கசந்த அந்நிய ஊர்க்காரனுக்கு
அவன் ஊர்க் குழம்பு, அது இல்லை.
'இதர' என்று தட்டினான்.
சரி, நான் இதர.

ஒன்பதடி, எட்டடி.
எழுபத்திரண்டு என்று எழுதுகிறேன்.
எழுதியபின் பார்த்தால்
ராத்திரி நான் படுக்கும்போது
தலை வீட்டில் இருக்கிறது,
முழங்காலுக்குக் கீழே கடை.
புது மீட்டர் இன்னும் வரவேயில்லை,
அதற்குள் சின்னவன்
போன் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு
"இது எந்தக் கரண்டும்மா?" என்கிறான்.

பன்னிரண்டாம் கேள்வி:
வேலையாட்கள் எத்தனை பேர்?

தூக்கம் கலைந்து எழுந்து வந்து
பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர்
பேனா நிற்கும் இடத்தை எட்டிப் பார்க்கிறார்.
"இன்னா எழுதப் போற?"