நாற்பத்தொன்று

க்ரோனிங்கன் ஊரே வெல்லப்பாகு வாடையில் கிடக்கிறது.
சர்க்கரை ஆலை விடிய விடிய ஓடும் அக்டோபர்.
அங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு வைரம், குருணை அளவு;
இங்கே, பதினேழு கிலோமீட்டர் தள்ளி,
கால்வாய்க்கரைப் பழைய பம்ப் அறையில் என்னிடம் ஒன்று.
மோதிரத்துக்கு ஆகாது. உள்ளே குறை இருக்கிறது;
குறைக்காகத்தான் வாங்கினோம்.

குறைக்குப் பக்கத்தில் ஒரு கார்பன் அணுக்கரு,
பன்னிரண்டுகளின் கூட்டத்தில் ஒற்றைப் பதின்மூன்று.
அதன் சுழற்சியைப் பிடித்து வைக்கிறோம்.
சுழற்சி என்பது பேருக்கு. எதுவும் சுற்றவில்லை.

எலக்ட்ரான் ஓட்டைவாய்,
கிடைத்த ஒளித்துகளிடமெல்லாம் கொட்டிவிடும்.
கரு அழுத்தக்காரி.
ஒரு நிமிடம் முழுக்க வாய் திறக்க மாட்டாள்.
இந்தத் தொழிலில் அது ஒரு யுகம்.
கண் பட்டால் போச்சு.

பத்து லட்சம் தடவை தட்டினால் ஒரு தடவை
நடுவழிப் பெட்டியில் க்ளிக்:
அங்குள்ளதும் இங்குள்ளதும் இனித் தனித்தனி இல்லை.
கிழங்கு லாரி ஒன்று பாலம் ஏறினாலும்
கண்ணாடி இழை சிலிர்த்து
எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

இத்தனைக்கும், இதன் வழியே ஒரு சேதியும் போகாது.
என் பக்கம் விழுவது பூவா தலையா, அவ்வளவே.
காக்கை இங்கே உட்கார்ந்தது, பனம்பழம் அங்கே விழுந்தது.
காக்கை தள்ளவில்லை;
தற்செயலும் இல்லை.
அதைத் தெரிந்துகொள்ளவே விடிகாலை ஐந்துக்குத்
தொலைபேசியில் ஹில்கேயைக் கூப்பிட வேண்டும்.

ஆகஸ்டிலிருந்து அவன் என்னோடு கணக்கு மட்டும் பேசுகிறான்.
ஜூன் மாதப் பட்டியலில் ஒத்துவராத முப்பத்தொரு வரிகளை
'லாரி அதிர்வு' என்று அவன் அடித்திருந்தான்.
ஜூனில் ஏது கிழங்கு என்று
எல்லார் முன்னாலும் கேட்டது நான்.

"ஒன்று?"
"மேல்."
"மேல். இரண்டு?"
"கீழ்."
"கீழ்."
நாற்பதும் ஒத்துப்போயின.
இப்படி ஓர் இரவு எங்களுக்கு வாய்த்ததே இல்லை.

நாற்பத்தொன்றில் நான் 'கீழ்' என்றேன்.
கம்பியில் அவன் மூச்சு,
பின்னால் ஹீலியம் பம்பின் இரைச்சல்.
அந்நேரம் பார்த்து நிஜமாகவே ஒரு லாரி
என் ஜன்னலை அதிரவைத்துப் போனது.
அவனுக்கும் கேட்டிருக்கும்.

"மேல்" என்றான்.
"எழுதிக்கொள், வீட்ஸ்கே. அடிக்காதே."

எழுதினேன். பேனா மை கொஞ்சம் இழுவியது.
"நாற்பத்திரண்டு?"