பிறகு தாறன்

பகலில் சீனக்குடா மாவாலையில் சம்பளக் கணக்கு.
இரவு பதினொன்றுக்கு மேல் மட்டிக்களி அறையில்
ஐஸுக்கு ஒரு செயலி எழுதினேன்.

ஐஸ் ஏன் என்றால்,
தங்கை புருஷன் படகில் போகிறவன்.
கொட்பேயில் ஒரு விடியற்காலை அவனுக்கு அடிபிடி:
கடன் இருபத்திரண்டு பாளமா, இருபத்தேழா?
ஈரத்தில் ஊறிய கொப்பியில்
இரண்டும் ஏழும் ஒரே பிள்ளைகள்.

முதல் பதிப்பில் வரைபடங்கள் இருந்தன,
மூன்று மொழிகள், எட்டெழுத்துக் கடவுச்சொல்.
ஐஸ் விற்கும் நிஹ்மத்துல்லா அதை வாங்கிப் பார்த்தார்.
ஈர விரலைப் போன் மதிக்கவில்லை.
சாரத்தில் துடைத்தார், சாரமும் ஈரம்.
கடைசியில் குனிந்து
மூக்கால் தட்டினார்.
அன்றிரவே பொத்தான்களை
மூக்களவுக்குப் பெருப்பித்தேன்.

காசு, காசோலை, வங்கி என்று வரிசையாக வைத்திருந்தேன்.
"தங்கச்சி, இதில
'பிறகு தாறன்' எங்க?" என்றார்.
கடலுக்குப் போகிற எவனும்
வேறொன்றும் சொல்வதில்லையாம்.
ஐந்து மாதம் எழுதியதில் அதுதான் இல்லை.

ஒன்பது பேருக்கு இலவசமாகக் கொடுத்தேன்.
ஒன்பது பேரும் நல்லம் என்றார்கள்,
ஒருவரும் திறக்கவில்லை.
மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்றதும்
ஐந்து பேர் போனார்கள்.
மிச்ச நான்கு பேர் அதிகாலை நான்கு மணிக்கு எடுத்து ஏசத் தொடங்கினார்கள்.
ஏச்சுகளைத் திகதி போட்டு எழுதி வைத்தேன்.
இரண்டாம் பதிப்பு முழுக்க அவர்களுடைய வாய்.

பிறகு வாடை பெயர்ந்தது.
படகுகள் கரையேறின, ஐஸ் ஆலை வாசலில்
மான்கள் படுத்துக் கிடந்தன.
நான் பில் அனுப்பினேன்.
மார்கழி, தை: ஒரு சதமில்லை.
எட்டு மாதக் கடலிடம்
பன்னிரண்டு மாத விலை கேட்ட
முட்டாள்தனம் விளங்க
எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

ஒரு தரம் என் பிழையால்
சுனில் முதலாளியின் படகொன்றுக்கு
நாற்பது பாளம் இரட்டிப்பாய் ஏறிவிட்டது.
அரைநாள் லீவு போட்டு, பஸ் பிடித்துப் போய்,
எனக்குத் தெரிந்த ஓட்டைச் சிங்களத்தில்
அவர் முன்னால் நின்றேன்.
மன்னிக்கவில்லை.
அடுத்த நாள் தன் மற்ற மூன்று படகையும்
அதே கணக்கில் ஏற்றச் சொன்னார்.

மூதூர், புல்மோட்டை, வாழைச்சேனை.
மூன்றாம் வருடத்து ஆடியில்
செயலிக் காசு என் சம்பளத்தைத் தாண்டியது,
ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாயால்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
இன்னொரு வாடை தாண்டட்டும் என்றிருந்து
பங்குனியில்தான் கடிதம் கொடுத்தேன்.
முகாமையாளர் கேட்டார்: "ஐஸா?"

கொழும்பிலிருந்து வந்தவர் ஒருவர்
மீனையும் சேர், வலையையும் டீசலையும் சேர்,
காசு நான் போடுகிறேன் என்றார்.
அவருக்கு வாங்கிக் கொடுத்த பிளேன்டீயோடு
அந்தப் பேச்சு ஆறிப்போனது.

நிஹ்மத்துல்லா இதுவரை
புதிதாய் ஒன்று வேண்டும் என்று கேட்டதே இல்லை.
போன ஐப்பசியில் எடுத்தார்.
"ஒரு படகு வரேல்ல" என்றார்.
கொஞ்ச நேரம் கடல்தான் கேட்டது.
"பதினெட்டுப் பாளம் நிக்குது தங்கச்சி.
ஒவ்வொரு விடியவும் போன் அவன்ட பேரைக் காட்டுது."

கடனை அழிக்க முடியாதபடிதான்
நான் அதைக் கட்டியிருந்தேன்.
அதையே பெருமையாகச் சொல்லித்தான்
நாலு துறைமுகத்திலும் விற்றேன்.

இரவிரவாக இருந்து ஒரு பொத்தான் செய்தேன்.
என்ன பெயர் போட என்று கேட்டேன்.
"பேர் ஒண்டும் வேணாம்.
சும்மா வெள்ளையா விடு."

வெள்ளையாகவே விட்டேன்.
எல்லோருடைய போனிலும் அது இருக்கிறது,
விளக்கம் எதுவும் எழுதவில்லை.
இன்றுவரை பதினொரு தடவை அமுக்கியிருக்கிறார்கள்.
அது எதற்கு என்று
ஒருவரும் எடுத்துக் கேட்கவில்லை.