திகதி பிழைத்த கமரா

திரியாய்க் குளத்துக்குப் பின்னால்
பாலையும் வீரையும் நெருங்கும் இடத்தில்
மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு சுருக்கு.
பன்றிக்கு வைத்தது.
பன்றிக்கு வைத்ததில் பன்றிதான் விழவேண்டும் என்று
கம்பிக்கு யார் சொன்னது?

கண்டால் கழற்றிக்கொண்டு போவதுதான் எங்கள் வேலை.
இம்முறை கழற்றவில்லை.
இறுகாதபடி பச்சை நைலோன் நூலால் முடிச்சிட்டு
எதிரே நின்ற வீரையில், முழங்கால் உயரத்தில்,
கமராவை வார்போட்டுக் கட்டினேன்.
யார் யார் வருகிறார்கள், பார்க்கலாம்.
எட்டுப் பற்றரி, ஒரு மெமரி காட்.
மனித வாடை போகக் கையில் இலை கசக்கித் தேய்த்தேன்.
திகதி வைக்க மட்டும் மறந்துபோனேன்.

பதினெட்டு நாள் கழித்து இருநூற்றுப் பதினாறு படங்கள்.
காற்றில் ஆடிய புல், நூற்று முப்பது.
ஒரு முள்ளம்பன்றி, முதுகு மட்டும்.
ஒரு சருகுமான் வளையத்துக்குள் புகுந்து
மறுபக்கத்தால் வெளியே போனது,
ஒன்றுமே நடக்காததுபோல். ஒன்றும் நடக்கவுமில்லை.
தாய்ப்பன்றி கம்பியை மணந்து பார்த்தது.
பின்னால் வந்த ஏழு குட்டிகளும் ஒவ்வொன்றாய் மணந்தன,
பிறகு எல்லாரும் சுற்றிப் போனார்கள்.
யானை கமராவையே மணந்தது:
படம் முழுக்க ஈரச் சாம்பல்.

எல்லாவற்றின் கீழேயும் ஒரே மாதம்:
2000 ஜனவரி.
நட்டநடு வெயிலுக்குச் சாமம் மூன்று மணி.

அந்த ஜனவரியில் நான் கமராவோடு இங்கே வந்திருந்தால்
என்னைத்தான் யாராவது மரத்தில் கட்டியிருப்பார்கள்.

பன்னிரண்டாம் இரவு, குறுக்கே நடந்தது ஒரு புலி.
ஆண்டு 2000, இடம் திரியாய், படத்தில் புலி.
அறிக்கையில் சிறுத்தை என்று எழுதினேன்.

பதின்மூன்றாம் இரவு
சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு மனிதர், ஒரு நாய்.
நாயின் கண்கள் இரண்டு வெள்ளைப் பொட்டு.
அவருடையவை மின்னவில்லை, மனிதக் கண் அப்படித்தான்.
குனிகிறார். பச்சை நூலைத் தொடுகிறார்.
அடுத்த படத்தில் நேரே என்னைப் பார்க்கிறார்,
பல் வலிக்காரர்போல் கன்னத்தில் கைவைத்து.

வயல் வரம்பில் கோணாமலையரைக் கண்டு
திரையைக் காட்டினேன்.
நீங்கள்தானே?
கண்ணாடி போட்டார், கழற்றினார், துடைத்தார்.
"திகதியைப் பாருங்கோ பிள்ளை.
ரெண்டாயிரம் தையில நான் மண்டபம் முகாமில.
இந்த மண்ணில காலே வைக்கேல்ல.
இது நான் இல்ல."

சட்டப்படி சரி.
நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.
சிரித்து முடித்த பிறகும் அவர் திரையைத் தரவில்லை.
பெருவிரலால் தன் முகத்தைத் தேடித் தொட்டார்,
படம் பெரிதானது,
பின்னால் அவர் வயலின் மூலை தெரிந்தது.
"அந்த வருஷத்துப் படம் ஒண்டும் என்னட்ட இல்ல" என்றார்.
"இதில ஒண்டு கழுவித் தாங்கோ.
திகதியை அழிக்க வேண்டாம்."

திருகோணமலையில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட,
ஸ்ரூடியோப் பொடியன் கேட்டான்:
அக்கா, இருட்டாக் கிடக்கு, வெளிச்சம் கூட்டட்டா?
கீழ இருக்கிற இலக்கத்தை வெட்டட்டா?
கூட்டு. வெட்டாதே.

படத்தைக் கொண்டுபோன அன்று கம்பி அங்கே இல்லை.
பச்சை நூல் மட்டும் நிலத்தில் கிடந்தது,
வெட்டாமல், பொறுமையாக முடிச்சவிழ்த்து.
எடுத்துவிட்டாரா, வேறு பாதைக்கு மாற்றிவிட்டாரா,
கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

புதுப் பற்றரி போட்டேன்.
ஆண்டு, மாதம், நாள், மணி, எல்லாம் திருத்தினேன்.
சரியா என்று கேட்டது சின்னத் திரை.
காட்டுக்கோழி ஒன்று எங்கேயோ கத்தியது.
விரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.