பென்சிலால் மட்டும்

கிழமை நாட்களில் நான் நூதனசாலையில் சுமக்கிறவன்.
சனி ஞாயிறில் ஸ்காபறோவில் சுமக்கிறவன்.
இரண்டு இடத்திலும் ஒரே சாமான்தான்:
காலை வளைத்து, முதுகில் சிப்பி விரித்து,
உடம்பெல்லாம் பொன் பூசி நிற்கும் கதிரை.

நகரத்தில் இருப்பது பாரிஸில் செய்தது.
அதைத் தொட நீலக் கையுறை வேண்டும்,
ஒரு படிவம் வேண்டும், ஃபியோனாவின் கையெழுத்து வேண்டும்.
மார்க்கம் வீதிப் பின்கடையில் இருப்பது
சீனாவில் அச்சில் வார்த்த கண்ணாடிநார்.
அதைத் தூக்க இரண்டு ஆளும்
ஒரு கெட்ட வார்த்தையும் போதும்.

பாரிஸ் கதிரைக்கு ஒரு கோப்பு உண்டு.
சாப்பாட்டு நேரத்தில் அதைச் சாதகம்போல் வாசிப்பேன்.
1926. 'நேர்த்தியின் உச்சம்.'
சாய்ந்த எழுத்து, ஆசையாய் இழுத்த வால்கள்.
1953. 'மிகை. ரசக்குறைவு. நிலவறைக்கு.'
மூன்றே சொல். தட்டச்சுப்பொறி
முற்றுப்புள்ளி வைத்த இடமெல்லாம் தாளில் ஓட்டை.
1971. ஒரு நாடகத்துக்கு இரவல்,
கொடுங்கோலன் உட்கார.
1988. 'குழாய் வெடித்து ஒரு கால் நனைந்தது. பரவாயில்லை.'
அந்தப் பரவாயில்லை எனக்கு இன்னும் ஆறவில்லை.
அதற்குப் பிறகு வெறும் தாள்.

இந்தப் பாணிக்குப் பேர் வைத்ததே பகிடிக்குத்தான்
என்று ஃபியோனா சொன்னா.
கிளிஞ்சல் வேலை என்ற சொல்லை நெளித்து
சித்திரம் படித்த பெடியங்கள் சிரித்தார்களாம்: ரொக்கோக்கோ.
மூத்தது பரோக். அதுவும் வசைதான்,
போர்த்துக்கேயன் கோணல் முத்துக்குச் சொன்ன பேர்.
நான் வாய் திறக்கவில்லை.
சிலாவத்துறையில் என் ஆட்கள் மூழ்கி
அள்ளிவந்து கொட்டிய குவியலில்
உருண்டையை இந்தப் பக்கம், கோணலை அந்தப் பக்கம்
பிரித்தது யாருடைய கை என்று
எனக்கும் கொஞ்சம் தெரியும்.
கோணலும் அதே ஆழத்தில்தான் கிடந்தது.
அதற்கும் அதே மூச்சுத்தான் செலவு.

இந்த ஏப்ரலில் கதிரை மேலே வந்தது.
தனி மேடை. தனி விளக்கு.
'குறும்பு', 'துணிச்சல்', 'நேர்கோட்டுக்கு அடங்காத வளைவு'
என்று ஃபியோனா புது வாசகம் எழுதினா.
தூக்கும்போது சிப்பியின் பின்புறம் பார்த்தேன்:
பொன்னுக்கு அடியில் வெள்ளைச் சாந்து,
அதில் யாரோ அழுத்திய பெருவிரல்.
சொன்னேன். 'பழைய பழுதுபார்ப்பு, காலம் தெரியாது'
என்று கோப்பில் ஏறியது.

அதே கிழமை மிதுஷா என்ற மணப்பெண்
தொலைபேசியில் படம் காட்டினா.
வெறும் மரம். முதுகு நேர். நிறமே இல்லை.
தங்கக் கதிரையைப் பார்த்து
'ரூ மச், அங்கிள்' என்றா.
தாய் மண்டபத்தின் மறுகோடியைப் பார்த்தா.
மிதுஷாவுக்குப் பிறகு வந்த ஐந்து பேரும்
அந்த மரத்தையே கேட்டார்கள்.

இருநூற்றெண்பது கலியாணம் கண்ட சோடியை
லெம்பேட் அண்ணரின் வீட்டு நிலவறைக்கு இறக்கினோம்,
உறைபெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்.
படித் திருப்பத்தில் ஒன்றின் சிப்பி விளிம்பு பெயர்ந்தது.
கார் ஒட்டும் பசையை வைத்துப்
பெருவிரலால் அழுத்திவிட்டார் அண்ணர்.
'ஆர் பார்க்கப் போகினம்?'

அவர் தேத்தண்ணி போட மேலே போன நேரம்
சட்டைப்பையில் கிடந்த நூல் அட்டையை எடுத்துக்
கதிரைக் காலில் முடிந்தேன்.
உள்ளே வைத்த நாள்: எழுதினேன்.
காரணம்: ரூ மச்.
வெளியே எடுத்த நாள் என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டு விட்டேன்.
பையில் பேனாவும் இருந்தது.
வேலைப் பழக்கம், பென்சிலால்தான் எழுதினேன்.