முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

விசாப் படத்துக்குச் சிரிக்கக் கூடாது.
காது இரண்டும் தெரிய வேண்டும், பின்னால் வெள்ளை.
சொல்லிக்கொண்டே விளக்கைத் திருப்புகையில்தான்
முகம் பிடிபட்டது.
மட்டக்களப்பு, திருமலை வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
எனக்குப் பால்தேத்தண்ணி ஊற்றித் தந்த பிள்ளை.
கேதாரணி. அப்போது நெஞ்சில் பெயர் குத்தியிருந்தாள்.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை.
அந்தப் படியேறி வந்தவர்கள் எல்லோருக்கும்
ஒரே முகம்தானே இருந்திருக்கும்.

இந்தக் கமரா வங்கி அட்டையில் வாங்கியது.
லென்ஸ் இரண்டும் அப்படித்தான்.
ஆவணியில் ஒன்பது கலியாணம் பதிவாகியிருந்தது,
சாமான் விலை ஏற ஏற அதில் ஆறு
கோயிலில் தாலி, கைப்பேசியில் படம் என்று முடிந்துபோனது.
நின்றது நாலு லட்சத்து எண்பதாயிரம்.
ஆகக் குறைந்த தொகை என்று மாதம் ஒன்று கட்டினேன்,
வாவியில் ஆற்றுவாழையைக் கையால் விலக்குவது போல.
விலகும். கை எடுத்தால் மூடும்.

"பாதியாக்கித் தருவம் அண்ணன்"
என்றான் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன்.
"வங்கிக்கு இனி ஒரு சதமும் கட்டாதீங்க.
அவங்க எடுத்தா போன எடுக்காதீங்க.
எங்களுக்குக் கட்டுங்க, நாங்க கதைக்கிறம்."
பதிவுக்கு முப்பத்தையாயிரம்,
பிறகு மாதம் பதினெட்டாயிரம்.
லாச்சியிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து நீட்டினான்.
அட்டையை நானே வெட்ட வேண்டுமாம்.
வெட்டினேன்.
கேதாரணி கைதட்டினாள். அது அவள் வேலை.

ஏழு மாதம்
கொழும்பு இலக்கம் மின்னும்போதெல்லாம்
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
மணவறைக்கு முன்னால் நிற்கையிலும்
சட்டைப்பைக்குள் துடிக்கும்.
குருக்கள்மடத்துக் கலியாண அல்பத்தில்
மாப்பிள்ளை கொஞ்சம் கலங்கித் தெரிவது அதனால்தான்.
கதைக்கிறார்கள், இப்போது கதைத்துக்கொண்டிருப்பார்கள்
என்று நினைத்திருந்தேன்.

எட்டாம் மாதம் சட்டத்தரணியின் கடிதம், ஆங்கிலத்தில்.
களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி
மேல்மாடிக்கு ஓடினால்
மணப்பெண் அலங்கார வகுப்பு நடக்கிறது.
இருபது பிள்ளைகள்
ஒருத்தியின் கண்ணிமையையே பார்த்துக்கொண்டு.

வங்கியில் ஒரு மிஸ் கோப்பைப் புரட்டினா.
"உங்கட பேரில ஒருத்தரும் எங்களோட கதைக்கல்லயே.
ஒரு கடிதம்கூட இல்ல.
முதலே வந்திருந்தா நாங்களே தவணை போட்டுத் தந்திருப்பம்.
அதுக்குக் காசும் இல்ல."
கணினியை என் பக்கம் திருப்பினா.
ஐந்து லட்சத்து எண்பத்தாறாயிரம்.
மேல்மாடி தின்றது தனி,
ஒரு லட்சத்து அறுபத்தோராயிரம்.
கட்டாதவர்களின் பதிவேடு ஒன்று உண்டாம்,
வேறெங்கும் பிழையாகவே எழுதப்படும் என் பெயர்
அதில் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

"நாடியக் கொஞ்சம் உயர்த்துங்க."
உயர்த்தினாள்.
கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
"அந்தக் கழுத்துப்பட்டி இப்ப எங்க?"
கன நேரம் விளக்கையே பார்த்தாள்.
"எனக்கும் ரெண்டு மாசச் சம்பளம் தரல்ல அண்ணன்.
ஆக்கள் எங்கட வீட்டுக் கதவத்தான் தட்டுறாங்க.
அதான் குவைத்."
கண் சிவந்திருந்தால் படத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.
கொஞ்சம் பொறுத்தோம், இருவரும்.

பிறகு நிழல் விழாமல் எடுத்தேன்.
எட்டுப் பிரதி.
ஓரம் நறுக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன்.
முதல் வெட்டுச் சத்தத்துக்கு
அவள் கைகள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று எழும்பி
பாதியில் நின்றன.

அறுநூறு ரூபாய். நானூறுதான் இருந்தது அவளிடம்.
பரவாயில்லை என்றேன்.
"இல்ல, கொப்பியில எழுதுங்க" என்றாள்.
"எனக்கு முன்னால எழுதுங்க."
எழுதினேன். எட்டிப் பார்த்து,
தொகையை ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான்
படியிறங்கினாள்.