இருபத்தேழாம் விசை

நாளை மறுநாள் இடிக்கிறார்கள்,
பாசிர் ரிஸ் கடைசி நிலையத்தில் இறங்கி
இருபது நிமிடம் நடந்தால் வரும்
இந்த ஏழாம் கூடத்தை.
மின்சாரத்தை நிறுத்திக் கையெழுத்திட வேண்டியவள் நான்.

பெட்டியைத் திறந்தேன்.
முப்பத்தொரு விசைகள்.
ஒவ்வொன்றின் கீழும் ஒட்டுத்தாள் மேல் ஒட்டுத்தாள்.
நகத்தால் சுரண்டினால்
குவே லாப்பிஸ் போல அடுக்கடுக்காய் வருகிறது.

எட்டாம் விசையில் மேலே: டைனோசர் கழுத்து.
உரித்தால்: பேய் 3.
அதற்கும் கீழே: பனி இயந்திரம்.
அடியாழத்தில், எனக்கு முன்னிருந்த யாரோ ஒருவரின்
சாய்ந்த எழுத்தில்: கண்ணாடி.

கண்ணாடிக் காலத்தில் நான் பள்ளிப் பிள்ளை.
மூன்று வெள்ளி கொடுத்து உள்ளே போனோம்.
குட்டையாய் நெட்டையாய் இரண்டு தலையாய்
என்னைக் காட்டி முடித்து
கடைசிக் கண்ணாடி மட்டும்
உள்ளபடியே காட்டியது.
அதைப் பார்த்துத்தான் வகுப்பு அதிகம் சிரித்தது.

பிறகு பனி.
வெளியே முப்பத்துமூன்று டிகிரி, உள்ளே மைனஸ் ஐந்து.
வாடகைக் கோட்டுகளில்
தீவு முழுக்கவின் வியர்வை.
ஐடிஇ முடித்து அப்போதுதான் சேர்ந்திருந்தேன்.
நான் எழுதிய முதல் புகார்:
'பனிமனிதன் ஒழுகுகிறான்.'
மேலாளர் பூன் டெக் அதன் கீழே எழுதினார்:
'துணி வைக்கவும். தமயந்தி பார்க்கவும்.'
மூன்று வருடம் துணி பிழிந்தேன்.
கடைசியில் மின்கட்டணம் பனியைத் தின்றது.

அடுத்து பேய்கள்.
ரொஹைசாட் சவப்பெட்டிக்காரன்.
ஒரு நாளில் இருநூறு தடவை எழுவான்.
ஆஸ்துமா. இன்ஹேலர் தலைமாட்டில், செத்த பூக்களுக்கடியில்.
ஒரு சனிக்கிழமை
அவனுக்கு நிஜமாகவே மூச்சு நின்றபோது
சுற்றியிருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள்.
நான்தான் விளக்கைப் போட்டேன்.
வெளிச்சத்தில்
எவ்வளவு சின்ன அறை அது!
கைதட்டியவர்களில் ஒருத்தி
ஆம்புலன்சில் கூடவே போனாள்.
திரும்பி வந்தவன்
டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டான்.

டைனோசரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
கழுத்து மாட்டிக்கொள்ளும்.

நோய்க்காலத்தில் கூடம் எதுவாகவும் இல்லை.
மடக்கு நாற்காலிகளை அடுக்கிவைத்தோம்.
தரையில் ஒட்டிய ஒரு மீட்டர் குறிகளில்
ஒருவரும் வந்து நிற்கவில்லை.
அப்போதும் யாரோ பன்னிரண்டாம் விசையில்
'நாற்காலி' என்று ஒட்டியிருக்கிறார்கள்.
நாற்காலிக்கு எதற்கு மின்சாரம்?

இருபத்தேழு.
இதில் ஒரே ஒரு தாள்தான்.
மலாயில் 'புலான்'.
நிலா என்றும் சொல்லலாம், மாதம் என்றும் சொல்லலாம்.
இந்தக் கம்பி எங்கே போகிறதென்று வரைபடத்தில் இல்லை.
கண்ணாடிகளுக்கு நடுவே நிலா பார்த்ததாக நினைவில்லை.
பனியில் நாங்கள் மாட்டவில்லை.
பேய்களுக்குக் கேட்டோம், பட்ஜெட் இல்லை என்றார்கள்.
ஒவ்வொரு முறையும் போகிற ஒப்பந்தக்காரர்
வருகிறவரிடம் சொன்னார்: அதைத் தொடாதே.
நானும் சொல்லியிருக்கிறேன்,
விஷயம் தெரிந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

ரொஹைசாட்டுக்குப் போன் போட்டேன்.
"மாதம்தான். ஏதாவது தவணையாயிருக்கும்,
கட்டிக்கொண்டே இரு" என்று சிரித்தான்.

அணைத்தேன்.

எதுவும் அணையவில்லை.
ஆனால் என் காதின் கோளாறென்றே
இத்தனை வருடம் நம்பியிருந்த ஒரு ரீங்காரம்,
பாலிகிளினிக்கில் போய் உட்கார்ந்தால் கேட்காமல்
'களைப்பு' என்று எழுதித் தரப்பட்ட ரீங்காரம்,
சட்டென்று நின்றது.

அந்த இடத்தில்
கடல் கேட்டது.
இவ்வளவு பக்கத்திலா இருந்தது?
சாங்கியில் இறங்கப்போகும் விமானம் ஒன்று.
வெளியே துப்புரவு வண்டியின் ஒரு சக்கரம்.

கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு, ஏனென்று கேட்க அங்கே யாருமில்லை,
திரும்பப் போட்டேன்.
காது பழைய காதானது.

படிவத்தில் எழுதினேன்:
இன்று முப்பது.
மீதி ஒன்று, நாளை.