பஞ்சுமிட்டாய் நிறம்

விடிகாலை மூன்று. உப்பு லாரிக்குள்
ரெஜான் துகே கைபேசியை விரலால் அகட்டுகிறாள்.
தெற்கே பச்சை, மழை.
வடக்கே நீலம், பனி.
நடுவில் விரற்கடை அகலத்துக்குப்
பஞ்சுமிட்டாய் நிறம்.

மேலே எங்கோ ஒரு வெதுவெதுப்பு;
அதற்குள் விழுந்த பனி மனம் மாறி நீராகும்.
தரையோரக் குளிர்
மறுபடி மாற அவகாசம் தராது.
தொட்ட இடமெல்லாம் கண்ணாடி.

எவ்வளவு என்று நிறம் சொல்லாது,
எது என்று மட்டும்தான்.
அதையும் ஆறு மணிநேரத்துக்கு ஒருதரம்
மாற்றிச் சொல்லும்.
போன டிசம்பரின் பால் வண்டி
இன்னும் அவள் கண்ணுக்குள்
பக்கவாட்டில் கிடக்கிறது.

நெபிசிகிட் பாலம், வரைபடத்தில்,
இன்னும் பச்சையில்தான்.
இறங்கிக் கையை நீட்டினாள்.
மழைதான். சத்தம்கூட மழைச் சத்தம்.
முழங்கையை மடக்கினாள்,
மேற்சட்டை மொறுமொறுத்தது.

பச்சைக்குள்
உப்பைத் திறந்துவிட்டாள்.